பதில் போடாமல் நின்றவர்கள்

ஸ்ரீரங்கத்துக்கு நான் குடிவந்தபோது என் மகளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. கோயம்புத்தூரிலிருந்து இரண்டு பெட்டிகளும் அவளுமாக வந்து இறங்கினேன். மன்னார்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன் வேலை கிடைத்திருந்தது. ஸ்ரீரங்கத்தில் வீடு பார்த்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. மாடியில் ஒரு சின்ன போர்ஷன், அதிகம் விசாரிக்காத வீட்டுக்காரர், நடந்து போகும் தூரத்தில் ஒன்றாம் நம்பர் பஸ். எனக்கு அப்போது அதுவே போதும்.

விசாரிக்காத மனிதர்களைத்தான் அந்த நாட்களில் தேடிக்கொண்டிருந்தேன். கணவரை விட்டு வந்திருந்தேன். கோபம் வந்தால் கைநீட்டுகிறவர் அவர். குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. தீர்ப்பு வரும்வரை குழந்தை என்னிடம் இருக்கட்டும் என்று உத்தரவும் கொடுத்திருந்தார்கள். இருந்தும் ஒருநாள், பக்கத்து வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவளை அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். போலீஸ் பேசி அவளைத் திருப்பி வாங்குவதற்குள் நான் பாதி உயிராகிவிட்டேன். அதற்குப் பிறகுதான் ஊரை மாற்றினேன். புது விலாசம் நீதிமன்றத்துக்கும் என் வக்கீலுக்கும் மட்டும்தான் தெரியும்.

வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? தெருவில் விசாரித்ததில் எல்லோரும் ஒரே க்ரெஷ்ஷைத்தான் சொன்னார்கள். பழைய வீடு ஒன்றின் கீழ்த்தளம். முன்னால் கம்பி கேட், உள்ளே மணல் கொட்டிய சின்ன முற்றம், ஒரு சறுக்குமரம். நடத்துகிறவரை எல்லோரும் பெரிய மிஸ் என்றார்கள். என்னைவிட ஏழெட்டு வயது கூடுதலாக இருக்கலாம். முன்பு ஒரு பள்ளியில் எல்கேஜி எடுத்தவர். குழந்தையின் சாப்பாடு, தூக்கம், அலர்ஜி எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"பாப்பாவை போட்டோ எடுக்கலாமா? எங்க பேஜ்ல போடலாமா?"

"வேண்டாம் மிஸ்."

"எடுக்கவே வேண்டாமா, எடுத்து உங்களுக்கு மட்டும் அனுப்பலாமா?"

யாரும் என்னிடம் அப்படிப் பிரித்துக் கேட்டதில்லை. எனக்கு மட்டும் அனுப்பலாம் என்றேன். காரணத்தைக் கேட்பாரோ என்று, வழக்கமாகச் சொல்லும் பொய் ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன், கண் திருஷ்டி என்று. அவர் கேட்கவில்லை.

"யார் வந்து கூட்டிட்டுப் போவாங்க?"

"நான் மட்டும்தான். வேற யார் வந்தாலும், என்ன சொன்னாலும், அனுப்பாதீங்க."

அப்போதும் அவர் முகத்தில் கேள்வி எழவில்லை. "சரிம்மா. நீங்க மட்டும்தான்" என்று எழுந்து, என் மகளை சறுக்குமரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

சின்ன மிஸ் என்று இன்னொருவர் இருந்தார். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதுப் பெண். லால்குடியிலிருந்து தினமும் ரயிலில் வருவாள். காலையில் வந்ததும் தன் போனை ஆபீஸ் அறை ஷெல்ஃபில் வைத்துவிட்டுத்தான் குழந்தைகள் பக்கம் வருவாள். ஆயாம்மாவும் அப்படித்தான், பெரிய மிஸ்ஸும் அப்படித்தான். படம் எடுக்கவென்று க்ரெஷ்ஷுக்குப் பொதுவாக ஒரு போன் இருந்தது. அது கட்டடத்தை விட்டு வெளியே போகாது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு ஒரு படம் வரும். வாயைச் சுற்றிப் பருப்பு சாதம் அப்பிக்கொண்டு சிரிப்பாள், அல்லது தண்ணீர் பாட்டிலைக் கட்டிக்கொண்டு தூங்குவாள். சாம்பிள் குழாய்களுக்கு நடுவே உட்கார்ந்து அதைப் பார்த்தபிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

க்ரெஷ்ஷின் பேஜை வைத்துக்கொண்டிருந்ததும் சின்ன மிஸ்தான். குடிவந்த புதிதில் தினமும் அதைத் திறந்து மேலும் கீழும் தேடுவேன். என் பயம் அப்படி. அதில் களிமண் பிசையும் கைகள் இருக்கும், வரிசையாகக் கழற்றி வைத்த குட்டிச் செருப்புகள் இருக்கும், சுவரில் ஒட்டிய யானைகள் இருக்கும். பின்னந்தலைகள் இருக்கும். எந்தக் குழந்தையின் முகமும் இருக்காது. சம்மதம் சொன்ன பெற்றோரின் குழந்தைகளைக் கூட அவர்கள் முகம் தெரியப் போடுவதில்லை என்று பிறகு தெரிந்தது.

சின்ன மிஸ்ஸுக்கு ரீல்ஸ் என்றால் உயிர். சொந்தமாக ஒரு பேஜ் வைத்திருந்தாள். ரயில் ஜன்னலோரம், கொள்ளிடம் பாலம், புதுப் புடவை என்று ஏதாவது போட்டுக்கொண்டே இருப்பாள். அவளைப் பின்தொடர்கிறவர்களும் நிறைய. ஒருநாள் சாயங்காலம் நான் போனபோது கேட்டருகே ஓடிவந்தாள்.

"அக்கா, இன்னைக்கு உங்க பாப்பா பண்ணின கூத்து தெரியுமா? எல்லாப் பசங்களையும் க்யூல உக்கார வச்சிட்டா. கிரேயானை எடுத்து ஒவ்வொருத்தர் கையிலயும் குத்துறா. 'சாப்பிட்டு வந்தீங்களா, வெறும் வயிறா?'ன்னு கேக்குறா. ஒரு பையன் அழுதுட்டான். அவன்கிட்ட போய், 'எறும்பு கடிக்கிற மாதிரிதான், அந்தப் பக்கம் பாத்துக்கோங்க'ன்னு சொல்றா!"

அவள் என் மகளைப் போலவே இடுப்பில் கைவைத்து நடித்துக் காட்டினாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். ஊர் மாறி வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்த முதல் நாள் அதுதான் என்று நினைக்கிறேன்.

"அதை மட்டும் வீடியோ எடுத்துப் போட்டிருந்தா, அக்கா, பிச்சுக்கிட்டுப் போயிருக்கும்."

"எடுத்தீங்களா?" என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது.

"ஐயோ இல்லக்கா. போன் ஷெல்ஃபுலதானே இருந்துச்சு! இருந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். அவ விளையாடுறா, அவ்ளோதானே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, அடுத்த குழந்தையின் ஷூவை மாட்டிவிடப் போய்விட்டாள்.

அந்த வருடம் பொங்கலுக்கு க்ரெஷ்ஷில் சின்ன விழா வைத்தார்கள். முற்றத்தில் செங்கல் அடுக்கிப் பானை வைத்துப் பொங்கினார்கள். பெற்றோர்களும் வந்திருந்தோம். ஆரம்பிப்பதற்கு முன்னால் பெரிய மிஸ் எழுந்து கேட்டுக்கொண்டார்.

"உங்க உங்க குழந்தையை மட்டும் எடுங்க. மத்த பிள்ளைங்க விழற மாதிரி இருந்தா தயவுசெஞ்சு எங்கேயும் போடாதீங்க."

என் மகளை சின்ன மிஸ் சுவரோரமாக, யார் கேமராவிலும் சிக்காத இடத்தில் நிறுத்தியிருந்தாள். ஆனால் பானை பொங்கியதும் குழந்தைகள் எங்கே நின்ற இடத்தில் நிற்பார்கள்? கரும்புத் துண்டைத் தூக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடிவந்து குதித்தது என் மகள்தான். நானும் கவலையை மறந்து கைதட்டினேன்.

அன்று சாயங்காலம் சின்ன மிஸ் ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு குழந்தையின் அம்மா முழு விழாவையும் இன்ஸ்டாகிராமில் போட்டு, க்ரெஷ்ஷின் பெயரையும் சேர்த்திருந்ததைப் பார்த்திருக்கிறாள். உத்திர வீதியில் இருக்கிறவர் அந்த அம்மா, கோயில் கைங்கர்யக் குடும்பம். சின்ன மிஸ் உடனே அவருக்கு போன் போட்டாள். "நல்லதைத்தானே போட்டிருக்கேன், எல்லாரும் அழகா இருக்குன்னு சொல்றாளே" என்று அவர் சங்கடப்பட்டிருக்கிறார். பிறகு பெரிய மிஸ் பேசினார். அந்த அம்மா வீடியோவை நீக்கிவிட்டார்.

இதையெல்லாம் எனக்குத் தெரியாமல் முடித்துவிட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. ஆனால் பெரிய மிஸ் அன்றே என்னைக் கூப்பிட்டார். "உங்க பாப்பா முகம் தெரியிற ஒரு வீடியோ சில மணி நேரம் வெளியில இருந்திருக்கு. நீக்கியாச்சு. ஆனா நீங்க தெரிஞ்சுக்கணும்" என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பண்டிகை விடுமுறை முழுவதும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே எழுந்து பார்த்தேன்.

விடுமுறை முடிந்த வாரம் லேபுக்கு போன் வந்தது. பாப்பா நன்றாகத்தான் இருக்கிறாள், முடிந்தால் வந்துவிட்டுப் போங்கள் என்றார் பெரிய மிஸ். பாப்பா நன்றாக இருக்கிறாள் என்பதைத்தான் முதலில் சொன்னார். அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினேன். பஸ் காவேரிப் பாலத்தில் நெரிசலில் நின்றபோது இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

ஆபீஸ் அறையில் அந்தப் பொது போனை என்னிடம் நீட்டினார்கள். க்ரெஷ்ஷின் பேஜுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. முருகன் படம் போட்ட கணக்கு. 'வணக்கம் மேடம். பொங்கல் விழா வீடியோவில் எங்கள் அண்ணன் மகளைப் பார்த்தோம். மிக்க மகிழ்ச்சி. குழந்தைக்கு சர்ப்ரைஸாக கிஃப்ட் கொண்டுவர வேண்டும். எத்தனை மணிக்கு விடுவீர்கள்?' என்று இருந்தது. கீழே என் மகளின் பெயர், சரியாக.

என் கணவருக்குத் தம்பியும் கிடையாது, தங்கையும் கிடையாது.

"நான் ஒண்ணும் பதில் போடலக்கா" என்றாள் சின்ன மிஸ். "இல்லைன்னு சொன்னாலும் தப்பு, சொல்ல முடியாதுன்னு சொன்னாலும் பாப்பா இங்க இருக்கான்னு ஆயிடும். அதான் அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மிஸ்கிட்ட காட்டிட்டேன்."

நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு, இந்த ஊருக்கு வந்து யாரிடமும் சொல்லாததை எல்லாம் அவர்களிடம் சொன்னேன். ஆயாம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். நான் முடித்ததும் பெரிய மிஸ், "கோர்ட் ஆர்டர் காப்பி ஒண்ணு குடுத்து வைங்க. வக்கீல்கிட்ட பேசிடுங்க. மத்தபடி நாளைக்கு வழக்கம்போல பாப்பாவைக் கொண்டுவந்து விடுங்க" என்றார். இனி இந்தத் தலைவலி வேண்டாம், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வார்களோ என்று நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு, 'வழக்கம்போல' என்ற அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

வக்கீல் சொன்னபடி மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். அவர்கள் விசாரிப்பதற்குள் என் கணவரே க்ரெஷ்ஷுக்கு நேரில் வந்துவிட்டார். குழந்தைகள் தூங்கும் மதிய நேரம். நான் வேலையில் இருந்தேன். பெரிய மிஸ் கேட்டைத் திறக்காமலே பேசியிருக்கிறார். நடந்ததை எனக்குப் பிறகு சொன்னார்கள்.

"நான் பாப்பாவோட அப்பா. இதோ பாருங்க, வீடியோவுல இருக்காளே" என்று, முன்பே இறக்கி வைத்திருந்த பொங்கல் வீடியோவோடு போனைக் கம்பிக்கிடையே நீட்டினாராம்.

"சார், நீங்க யாரைக் காட்டினாலும் இங்க எந்தக் குழந்தை இருக்கு, இல்லைன்னு நான் சொல்றதில்லை. போலீஸ் மூலமாவோ கோர்ட் மூலமாவோ வாங்க."

"பெத்த அப்பன் கிட்டயே சொல்ல மாட்டியா?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார்."

அவர் குரல் உயர, தெருவில் நாலு பேர் கூடினார்கள். அவர் போனைத் திருப்பிப் பிடித்துத் தன்னையும் கேட்டையும் பெரிய மிஸ்ஸையும் வீடியோ எடுத்துக்கொண்டே, "உங்க க்ரெஷ்ஷை நாறடிக்கிறேன் பாரு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

சொன்னபடி செய்தார். பெற்ற தகப்பனுக்குக் குழந்தையைக் காட்டாத க்ரெஷ் என்று கண்ணீரோடு ஒரு வீடியோ. வழக்கு நடப்பதால் குழந்தையின் படத்தையோ பெயரையோ மட்டும் போடவில்லை, அந்த அளவுக்கு ஜாக்கிரதை இருந்தது. அது பரவியது. ஸ்ரீரங்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்களெல்லாம் அந்த க்ரெஷ்ஷுக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார்கள். குழந்தை கடத்துகிறவர்கள் என்று எழுதினார்கள். யாரோ சின்ன மிஸ்ஸின் சொந்தப் பேஜைக் கண்டுபிடித்து, அவள் புடவை கட்டி நிற்கும் படங்களுக்குக் கீழே வாய்க்கு வந்ததை எழுதினார்கள். அவளுக்குக் கல்யாணத்துக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். வேலையை விட்டுவிடச் சொல்லி வீட்டில் சண்டை. ஒருநாள் காலை மகளை விடப் போனபோது அவள் கண்கள் வீங்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் சிரித்து, "வாடி டாக்டரம்மா" என்று என் மகளைத் தூக்கிக்கொண்டாள். தன் பேஜை யாரும் பார்க்க முடியாதபடி பூட்டிவிட்டிருந்தாள். அத்தனை பேர் திட்டியதற்கும் அவள் ஒரு பதில்கூட எழுதவில்லை.

என்னால் தாங்க முடியவில்லை. பெரிய மிஸ்ஸிடம் போனேன்.

"என் கதையை எழுதிப் போடுங்க மிஸ். ஆர்டர் காப்பியையும் போடுங்க. எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே நாள்ல எல்லார் வாயும் அடங்கிடும்."

"அடங்கிடும்" என்றார் அவர். "எங்களுக்கும் நல்ல பேர் வந்துடும். ஆனா அதுக்கப்புறம் அது அங்கேயே கிடக்கும்மா. பாப்பா பெரியவளாகி எட்டாவது படிக்கிறப்ப அவ ஃப்ரெண்டு எவளாவது தேடி எடுத்துப் படிப்பா. உங்க அப்பா இப்படியாமேன்னு கேப்பா. அது அவளோட கதை. அதை வச்சு நாங்க பேர் வாங்கக் கூடாது."

"உங்களுக்கு நஷ்டமாகுதே."

"ரெண்டு பேர் பிள்ளைங்களை நிறுத்திட்டாங்க. உண்மைதான். பயப்படுறாங்க, பாவம். பேசிப் பாக்குறேன்."

அந்த வார இறுதியில் பெற்றோர்களை எல்லாம் வரச் சொன்னார். குழந்தைகளின் பாய்களை விரித்து உட்கார்ந்தோம். நானும் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பெரிய மிஸ் நீளமாகப் பேசவில்லை.

"வீடியோவை எல்லாரும் பாத்திருப்பீங்க. ஒருத்தர் வந்து ஒரு குழந்தையைக் கேட்டாரு. நான் பதில் சொல்லல. அது எந்தக் குழந்தைன்னு உங்ககிட்டயும் சொல்லப் போறதில்ல. நாளைக்கு உங்க குழந்தையைக் கேட்டு யாராவது வந்து நின்னாலும் இதேதான் செய்வேன். எங்கமேல நம்பிக்கை இல்லைன்னா தாராளமா மாத்திக்குங்க, எனக்கு வருத்தமில்லை."

பிறகு அந்த உத்திர வீதி அம்மா எழுந்தார்.

"பொங்கல் அன்னிக்கு வீடியோ போட்டது நான்தான். மிஸ் அவ்வளவு சொல்லியும் கேக்கலை. இது அதனால வந்ததோன்னு எனக்கு மனசு அடிச்சுக்கறது. யாரோட குழந்தைன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேண்டாம். ஆனா அவா இங்க உக்காந்திண்டிருந்தா, என்னை மன்னிச்சுடுங்கோ."

கைகூப்பியபடி அவர் எல்லாப் பக்கமும் திரும்பினார். அந்தப் பார்வை என்மேலும் பட்டுவிட்டுப் போனது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரிடம் எனக்குக் கோபம் துளியும் மிச்சமில்லை. எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. ஆனால் பெரிய மிஸ் அத்தனை பாடுபட்டு மூடி வைத்ததை நானே திறக்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன்.

அவருடைய மன்னிப்பு அந்தக் கூட்டத்தோடு முடியவில்லை. அடுத்த நாளிலிருந்து குழந்தையை விட வரும்போது கேட்டருகே நின்று, புதிதாக விசாரிக்க வருகிறவர்களிடம், "நெட்ல போட்டிருக்கறதைப் பாத்து பயப்படாதீங்கோ, எங்காத்துக் குழந்தை இங்கதான் இருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற பெற்றோர்களும் அவரவர் தெருவில், ஆபீஸில், கோயில் வாசலில் அப்படித்தான் வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். நிறுத்தியிருந்த இரண்டு பேரில் ஒருவர் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்தார். காலியான இடத்துக்கு வேறொரு குழந்தை வந்தது.

என் கணவர் போட்ட அந்த வீடியோவை என் வக்கீல் நீதிமன்றத்தில் காட்டினார். நீதிபதி கண்டித்து, உடனே நீக்கச் சொன்னார். அவரும் நீக்கினார். குழந்தையைப் பார்க்க வேண்டுமென்றால் மாதம் ஒருமுறை நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் குழந்தைகள் அறையில், ஆலோசகர் முன்னிலையில் பார்க்கலாம் என்று உத்தரவானது. முதல் சில சந்திப்புகளில் என் மகள் என் துப்பட்டாவை விடவே இல்லை. இப்போது தானே போய் உட்கார்ந்து அவரோடு படம் வரைகிறாள். அவர் தலையைக் குனிந்து அவள் சொல்லும் நிறத்தைத் தேடி எடுத்துக் கொடுப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். நடந்ததை நான் மறக்கவில்லை. அவளுக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைக்கட்டும் என்று நினைக்கிறேன்.

என் மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. க்ரெஷ்ஷுக்கு உதவியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆயாம்மாவுக்கும் இரண்டு மிஸ்களுக்கும் வருடம் ஒருமுறை எங்கள் லேபில் பரிசோதனை செய்து கொடுக்கிறேன். பெரிய மிஸ் ஊசியைக் கண்டால் சின்னக் குழந்தை போல முகத்தைத் திருப்பிக்கொள்வார். கேட்டில் நின்று அந்த மனிதரிடம் பேசியபோது பயமாக இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். "கால் ரெண்டும் வெடவெடன்னு ஆடுச்சு. கம்பியைப் பிடிச்சுட்டு நின்னதால தெரியல" என்றார்.

போன வைகாசியில் சின்ன மிஸ்ஸுக்கு லால்குடியில் கல்யாணம். மாப்பிள்ளை துவாக்குடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவர். வேலையை விடக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடுதான் அவள் சம்மதித்தாளாம். நானும் மகளும் பெரிய மிஸ்ஸும் ஆயாம்மாவும் காலை ரயிலில் போனோம். மண்டபத்தில் எங்களைப் பார்த்ததும் மணப்பெண் மேடையிலிருந்தே கையாட்டினாள். அவளுடைய அப்பா வந்து, "நீங்க எல்லாம் சாப்பிடாம போகக் கூடாது" என்று பந்தியில் தானே உட்காரவைத்தார். வேலையை விடச் சொன்ன அதே அப்பா. "இப்ப எம் பொண்ணை நெனச்சா பெருமையா இருக்குங்க" என்று பெரிய மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு, சாம்பார் வாளியைப் பிடிக்கப் போய்விட்டார்.

என் மகள் ஜாங்கிரிக்கு மேல் ஜாங்கிரியாகத் தின்றுவிட்டுத் திரும்பும் ரயிலில் பெரிய மிஸ்ஸின் மடியில் தூங்கிப்போனாள். கொள்ளிடம் தாண்டும்போது ஆயாம்மா ஜன்னல் கதவைப் பாதி இறக்கி, அவள் முகத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொண்டார். ஸ்ரீரங்கம் வந்ததும் நான் அவளை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன்.

"தூங்கட்டும், நான் தூக்கிட்டு வரேன். நீங்க பையை எடுத்துக்கிட்டு முன்னாடி எறங்குங்க" என்றார் பெரிய மிஸ்.

நான் முன்னால் இறங்கினேன்.